முந்நூறு கிராம் வித்தியாசம்

காலையில் கிளம்பும்போது இரண்டு கிலோ நூறு கிராம் இருந்த பை, மதியம் திரும்பி வரும்போது இரண்டு கிலோ நானூறு இருந்தது. தராசுக்காரர் பையை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிப் பார்த்தார். அதே நானூறு. ஊரில் மற்றத் தராசுகள் பொய் சொல்லலாம், அவர் வீட்டுத் தராசு சொல்லாது. முந்நூறு கிராம் கூடித்தான் இருந்தது.

பை அவர் மனைவியுடையது. மனைவி வக்கீல். சனிக்கிழமை தவறாமல் ஒன்பதரைக்குச் சிறைக்குக் கிளம்புவாள். போதைப்பொருள் வழக்கில் பத்து வருஷம் தண்டனை வாங்கி, அதில் இரண்டு வருஷத்தைக் கழித்துவிட்ட ஒரு வேன் டிரைவர் அங்கே இருந்தான். அவனுடைய மேல்முறையீடு அவள் கையில். அவனைப் பார்த்துப் பேசிவிட்டு ஒன்றரை மணிக்கு வருவாள். வந்ததும் உடை மாற்றப் போவாள். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் இந்த எடை போடும் திருப்பணி நடக்கும்.

பையைத் திறந்தே பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். திறக்க மாட்டார். மனைவியின் பையைத் திறப்பது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. எடை போடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்பதும் அவர் கொள்கைதான்.

மற்றபடி தங்கமான மனுஷர். எடைக் கருவிகளைப் பழுது பார்த்து, சோதித்து, முத்திரை வைக்க உரிமம் பெற்றவர். கடைகள், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றிலும் அவர் முத்திரைதான். சோதனை எடைக்கற்களை வெல்வெட் பதித்த பெட்டியில் வைத்திருந்தார். விரல் பட்டால் எடை கூடிவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு புகார் இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக, வீட்டில் மட்டும் அவர்மேல் ஒரே ஒரு புகார்.

பொறாமை. காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். பொறாமைக்கு நாலு கண். இவருடைய பொறாமைக்கு அதோடு ஒரு தராசும் இருந்தது.

பல் டாக்டரிடம் மனைவி வாயை ஏன் அவ்வளவு அகலமாகத் திறந்தாள் என்று ஒரு வாரம் யோசித்தவர் அவர். தபால்காரர் கதவைத் தட்டும் விதம் அவருக்குப் பிடிக்காது. முதுகுவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்ல, அவள் ஒரு குளத்தில் பேர் கொடுத்தாள். இவர் போய் அங்கே இருந்த பயிற்சியாளரின் தோள்களைப் பார்த்துவிட்டு வந்தார். நான்கு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. அவள் பேரை வாபஸ் வாங்கிக்கொண்டு தைலம் வாங்கினாள். இதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்திய கதை.

ஆகவே எட்டு மாதத்துக்கு முன்பு அவள் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொன்னபோது, அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நடுவில் கண்ணாடித் தடுப்பு, பக்கத்தில் காவலர், சுற்றிலும் இருபதடி மதில். இதைவிடப் பத்திரமான ஆண்பிள்ளை உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டார்.

நிம்மதி மூன்றாவது சனிக்கிழமை போயிற்று. அன்று சாப்பாடு தாமதமாகி இவர் முணுமுணுக்க, அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“அந்த மனுஷனைப் பாருங்க. செய்யாத தப்புக்கு உள்ள இருக்கார். ஒரு வார்த்தை சலிச்சுக்கிறதில்ல. என்ன ஒரு பொறுமை.”

விழுந்தது பொறி. அதற்குப் பிறகு அவர் கண்ணுக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தது. சனிக்கிழமை வரும்போது அவள் கண் சிவந்திருந்தது. கேட்டால் தூசி என்றாள். பின்கழுத்து ஈரமாக இருந்தது. வரிசையில் நின்றால் வேர்க்காதா என்றாள். அன்றைக்கு மட்டும் இரண்டு பங்கு சாப்பிட்டாள், பாத்திரம் கழுவும்போது பாட்டு வேறு. முதுகுவலித் தைலம் தீர்ந்து ஆறு மாதமாகியும் வாங்கி வரச் சொல்லவில்லை. மனசு வேறு எங்கேயோ இருந்தால் முதுகு எப்படி வலிக்கும் என்று தராசுக்காரர் தமக்குள் சொல்லிக்கொண்டார். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இங்கே பையிலேயே கனம் இருக்கிறது, பயத்தை மட்டும் காணோம்.

எதிரியைத் தெரிந்துகொள்வோம் என்று வழக்கைப் பற்றி விசாரித்தார். அதுதான் முதல் தப்பு. புருஷன் பதினான்கு வருஷத்தில் முதன்முறையாகத் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் அவள் வழக்குக் கட்டையே பிரித்து மேஜைமேல் பரப்பிவிட்டாள். முதல் பக்கத்திலேயே டிரைவரின் போட்டோ. கைதி என்றால் திருட்டு முழி முழிப்பான் என்று எதிர்பார்த்தார். பெண் பார்க்கக் கிளம்பியவன் மாதிரி இருந்தான். கண்ணிமை வேறு அநியாயத்துக்கு நீளம்.

“கல்யாணம் ஆயிடுச்சா?” என்று காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“எங்க? பொண்ணு பார்த்துட்டிருக்கும்போதுதான் பிடிச்சுட்டாங்க, பாவம்.”

தெரியாமலே இருந்திருக்கலாம்.

வழக்கு இதுதான். டிரைவரின் வேனில், இருக்கைக்கு அடியில் ஒரு பொட்டலம். ஸ்டேஷனில் வைத்து எடை போட்டு நானூற்றுப் பன்னிரண்டு கிராம் என்று எழுதினார்கள். ஆய்வுக்கூடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது பதினொரு நாள் கழித்து. அங்கே எடை முந்நூற்று எழுபத்தொன்று. நடுவில் பொட்டலம் எங்கே இருந்தது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. இன்ஸ்பெக்டரின் மேஜை இழுப்பறையில், அவருடைய சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்ததாக ஓர் ஏட்டு வாய்தவறிச் சொல்லியிருந்தார். அரக்கு முத்திரை ஸ்டேஷனில் வைத்தபோது ஒரு மாதிரி, ஆய்வுக்கூடத்தில் இறங்கியபோது வேறு மாதிரி. இத்தனையும் கேட்ட கீழ்க்கோர்ட், நாற்பத்தொரு கிராம் பெரிய விஷயமா, ஸ்டேஷன் தராசு தப்பாகக் காட்டியிருக்கும் என்று சொல்லிப் பத்து வருஷம் போட்டுவிட்டது.

தராசுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஸ்டேஷன் தராசு அவர் முத்திரை வைத்தது. டிரைவரைப் பிடிப்பதற்கு ஒன்பது நாள் முன்புதான் சோதித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய சோதனைப் புத்தகத்தில் தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் இருந்தது.

மனைவிக்கு அது தெரியாது. சொல்வதா, வேண்டாமா? தராசு சரி என்றால், பொட்டலத்தை நடுவழியில் யாரோ பிரித்துக் கை வைத்திருக்கிறார்கள், எதை எடுத்தார்கள் எதைப் போட்டார்கள் யாருக்குத் தெரியும் என்று டிரைவர் வெளியே வந்துவிடுவான். தராசு தப்பு என்றால் அவன் உள்ளேயே இருப்பான். இருக்கட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டார். மிச்சம் எட்டு வருஷம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. நானூற்றுப் பதினாறு சனிக்கிழமை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போவாள். வெளியே விட்டால் பயல் வேனை எடுத்துக்கொண்டு வெளியூர் வெளியூராகச் சுற்றப் போய்விடுவான். சனியன் தொலைந்தது என்று சோதனைப் புத்தகத்தை எடுத்து மனைவி கையில் கொடுத்தார்.

அவள் தேதியை இரண்டு தடவை படித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு நிமிஷம் மட்டும் தராசுக்காரருக்கு உலகத்தில் யார்மேலும் பொறாமை இல்லை.

அடுத்த வாரம் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, அவசரம் என்று ஒரு கடிதத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். சிறையிலிருந்து வந்தது. ஒட்டிய உறையைப் பிரிக்கக் கூடாது என்பதிலும் தராசுக்காரருக்குக் கொள்கை உண்டு. எடை போட்டார். இருபத்தெட்டு கிராம். கல்யாணத்துக்கு முன்பு அவர் அவளுக்கு எழுதிய ஒரே கடிதம், அவள் அலமாரியில் இருந்தது. அதையும் எடுத்து வைத்துப் பார்த்தார். பதினொன்று.

வாரா வாரம் நேரில் பார்க்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று யோசித்தார். காவலர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாதவை பதினேழு கிராம் இருக்கின்றன என்று முடிவு கட்டினார்.

அன்று சாப்பிடும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். “வெளிய வந்ததும் அவருக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கணுங்க. போலீஸ் வழக்குன்னா மறுபடி யார் வண்டி கொடுப்பாங்க? நான் அடிக்கடி போய்வர்ற இடமா இருந்தா கொஞ்சம் கவனிச்சுக்கலாம்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பது இதுதான். அடிக்கடி போய்வரும் இடம் என்றால் அவள் ஆபீஸ். சனிக்கிழமை ஒரு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், இனி வாரத்தில் ஆறு நாள் கண்ணாடி இல்லாமல் உட்காரப் போகிறான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று தராசுக்காரர் நொந்துபோனார்.

மறுநாளே சோதனைப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். தேதியில் ஒரு சின்னச் சந்தேகம், சரிபார்த்துத் தருகிறேன் என்றார். அது ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போய்விட்டிருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மேல்முறையீட்டில் வழக்கமாகச் சாட்சி விசாரிக்க மாட்டார்கள். இந்த வழக்கே ஒரு தராசில் நிற்பதால் தராசுக்காரரை மட்டும் கூப்பிட்டு விசாரிப்போம் என்று நீதிபதிகள் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

இரண்டு நாளில் அரசு வக்கீலின் உதவியாளர் கடை தேடி வந்தார். மிரட்டவெல்லாம் இல்லை, ரொம்பத் தன்மையாகப் பேசினார். நாளாவட்டத்தில் எந்த இயந்திரமும் முன்னே பின்னே போகும், உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ‘தப்பாகக் காட்டியிருக்கலாம்’ என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் எடைக்கல்லால் அடித்திருப்பார். அன்று தலையை ஆட்டிவிட்டார். இரண்டே வார்த்தை. கண்ணாடி முன்னால் நின்று பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ‘தப்பாக’ என்ற இடத்தில் ‘சரியாக’ என்றே வாயில் வந்தது. ஒரு மனுஷனுடைய எட்டு வருஷம் என்பதும் அப்போது ஞாபகம் வந்தது. உடனே கண்ணிமையை ஞாபகப்படுத்திக்கொண்டு மறுபடி சொல்லிப் பார்த்தார்.

விசாரணை நாள் வந்தது. சாட்சி தன் கணவர், ஆகவே தான் எதுவும் கேட்கப்போவதில்லை என்று மனைவி எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டேஷன் தராசை மேஜைமேல் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கூண்டில் டிரைவர் நின்றிருந்தான். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. தராசுக்காரரைக் கோயில் வாசலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசு வக்கீல் சிரித்த முகத்தோடு ஆரம்பித்தார். இந்தத் தராசு அன்றைக்கு நாற்பத்தொரு கிராம் தப்பாகக் காட்டியிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். தராசுக்காரர் வாயைத் திறந்தார். முதல் எழுத்து வெளியே வரவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அரசு வக்கீல் பேனாவால் முத்திரையை இரண்டு தட்டுத் தட்டி, “இந்த ஓட்டைத் தராசு,” என்றார்.

அங்கேதான் கெட்டது காரியம்.

“பேனாவை எடுங்க,” என்றார் தராசுக்காரர். “அது என் முத்திரை. அது இருக்கிற தராசு ஒரு கிராம் கூட்டியும் காட்டாது, குறைச்சும் காட்டாது. நானூத்திப் பன்னிரண்டுன்னு காட்டுச்சுன்னா அன்னிக்கு அது நானூத்திப் பன்னிரண்டுதான். குறைஞ்சது உங்க ஆளுங்க கையில.”

அரசு வக்கீலின் முகம் மாறியது. வேறு வழியில் வந்தார். வழக்கை நடத்துவது யார், உங்கள் மனைவி. அவர் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கும். அந்த டிரைவர் வெளியே வர வேண்டும் என்பதற்காக நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றார்.

தராசுக்காரருக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ. “நானா? இந்த ஆள் வெளிய வரக் கூடாதுன்னு நான் வேண்டிக்காத நாள் இல்லை, சார்.”

பெரிய நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர்மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று விசாரித்தார். நீதிபதி கேட்டால் சொல்லத்தானே வேண்டும். தராசுக்காரர் ஒன்றையும் விடாமல் சொன்னார். முப்பத்து நாலு சனிக்கிழமை. சிவந்த கண். பொறுமைப் பாராட்டு. இருபத்தெட்டு கிராம் கடிதம், பதினொரு கிராம் கடிதம். கடைசியாகப் பை. போகும்போது இரண்டு நூறு, வரும்போது இரண்டு நானூறு, மழையானாலும் வெயிலானாலும் முந்நூறு கிராம் வித்தியாசம் என்றார். பை என்று சொன்னபோது அவர் மனைவியின் கையிலிருந்து பேனா விழுந்தது. வழக்குக் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். கூண்டில் டிரைவர் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் சிரிப்பு அடங்கவே இல்லை, சேவகருக்கும் சேர்த்து.

நீதிபதிகள் தராசை அங்கேயே சோதிக்கச் சொன்னார்கள். வெல்வெட் பெட்டி திறந்தது, இடுக்கி வெளியே வந்தது. ஐந்நூறு கிராம் கல்லுக்கு ஐந்நூறு என்றே காட்டியது தராசு. கூட ஒரு புள்ளி இல்லை.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. மேல்முறையீடு செய்தவர்மேல் இந்தச் சாட்சிக்கு இருக்கும் வெறுப்பு கோர்ட்டில் வெட்டவெளிச்சமானது, இத்தனை வெறுப்பையும் மீறி அவருக்குச் சாதகமாக ஒருவர் பேசுகிறார் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க முடியும், பொட்டலம் பத்திரமாக இருந்ததாகப் போலீஸ் நிரூபிக்கவில்லை என்று எழுதி, டிரைவரை விடுதலை செய்தார்கள். பொறாமையை நற்சான்றாக ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை என்று குமாஸ்தா சொன்னார்.

சாட்சி சொன்ன அன்றைக்கு வீட்டில் பூகம்பம் வரும் என்று தராசுக்காரர் எதிர்பார்த்தார். மானத்தை வாங்கிவிட்டேன், என்ன வேண்டுமானாலும் சொல் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பையைத் திறந்து பார்த்தீங்களா?”

“சத்தியமா இல்ல. எடை மட்டும்தான் போட்டேன்.”

“ரொம்ப நன்றிங்க,” என்றாள். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அடிமனசிலிருந்து சொன்னாள். தராசுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அன்றே பையை இனித் தொடுவதில்லை எனச் சபதம் செய்தார்.

அவளும் விட்டுக்கொடுத்தாள். இனி ஆண்கள் பிரிவுப் பக்கமே போக மாட்டேன், சனிக்கிழமைகளில் பெண் கைதிகளை மட்டும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஒன்பதரைக்குப் போனாள், ஒன்றரைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. அந்தப் பெண்களின் கதையைக் கேட்டால் யாருக்குத்தான் அழுகை வராது என்று தராசுக்காரரே எடுத்துக்கொடுத்தார். ஆபீஸிலும் டிரைவர் வேலைக்குச் சேரவில்லை என்பதைக் குமாஸ்தாவிடம் நாசூக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டார். வேறு எங்கேயோ சேர்ந்துவிட்டானாம். ஒன்றரை மாதம் வீடு சொர்க்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், டிரைவர் பழக்கூடையோடு வாசலில் வந்து நின்றான். பக்கத்தில் பார்த்தால் முன்மண்டை வழுக்கை. கண்ணிமைகூட அவ்வளவு நீளம் இல்லை. தராசுக்காரருக்கு அவன்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தம் கையாலேயே தேநீர் போட்டுக் கொடுத்தார். கோர்ட்டில் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். வைப்பேனா சார், உங்கள் முத்திரைதான் என் உயிர் என்று டிரைவர் எழுந்து நின்று கும்பிட்டான்.

“என்னைக் கும்பிடாதீங்க,” என்றார் தராசுக்காரர் பெருந்தன்மையாக. “எல்லாம் அவளோட உழைப்பு. முப்பத்தி நாலு சனிக்கிழமை. ஒண்ணு விடாம ஜெயிலுக்கு வந்து உங்களைப் பார்த்தாளே, அதை மட்டும் மறந்துடாதீங்க.”

டிரைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். கோர்ட்டில் விழித்த அதே விழி.

“ஜெயில்ல சனிக்கிழமை யாரையும் பார்க்க விட மாட்டாங்களே, சார். அம்மாவை நான் சனிக்கிழமையில பார்க்கிறதே, அவங்க கிட்டத்தட்ட ஒரு வருஷமா நீந்த வர்ற குளத்துல எனக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்த பிறகுதான்.”